கூரையைத் திருப்பிய வருஷம்

கூரையின் முதல் சிமெண்ட் சீட்டைக் கழற்றப் போனபோது அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா, ஏணியில். மேஸ்திரி, சுவர் மேல். அம்மா, இட்லி அடுப்புக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. பெரியம்மா, சந்து முனையில், கிட்டே வராமல். பெரியப்பா, கையில் ஒரு கோணிப்பை. பெரியப்பா மகள், இரட்டைச் சடையோடு. அப்புறம் நான்.

வேறு யாரும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

உங்களுக்கும் என் வயதுதான். ஐம்பது வந்துவிட்டது, இல்லையென்றால் வாசலில் நிற்கிறது. இப்போது நம் வீடுகளில் கீழே சம்ப் இருக்கிறது, மேலே டேங்க் இருக்கிறது. மொட்டைமாடியிலிருந்து மழைக்குழாய் இறங்குகிறது. வைக்காவிட்டால் தண்ணீர் பில்லில் அபராதம் சேர்த்துவிடுகிறார்கள். நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அப்படி இல்லை. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வீட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். பிறகு கார்மெண்ட்ஸ். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

வீடு ஜீவனஹள்ளியில். தாத்தா கட்டியது. நீளமான வீடு, ரோட்டிலிருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தாத்தா போன பிறகு மகன்கள் இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். ரோட்டுப் பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் பெரியப்பாவுக்கு. ரோட்டுப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டது அம்மா. வாசலில் இட்லிக் கடை போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பெரியப்பா, மூத்தவர், சரி என்று பின்னால் போய்விட்டார்.

அண்டா, குண்டான், கட்டில் எல்லாம் ஆளுக்குப் பாதி. பக்கச் சந்தில் ஒரு கிணறு இருந்தது. அதைப் பிரிக்க முடியாது. பொது என்று விட்டுவிட்டார்கள். வறண்ட கிணறுதான். எட்டிப் பார்த்தால் அடியில் ஒற்றைச் செருப்பும் உடைந்த வாளியும் தெரியும். அது பொதுவாக இருந்தால் என்ன, தனியாக இருந்தால் என்ன.

கூரையை யாரும் யோசிக்கவில்லை.

கூரை சிமெண்ட் சீட்டு. ஒரே சரிவு. ரோட்டுப் பக்கம் உயரம், பின்பக்கம் தாழ்வு. எங்கள் வீட்டு மேல் விழுகிற மழை எங்கள் தலைக்கு மேலேயே ஓடி, நடுச்சுவரைத் தாண்டி, பெரியப்பா வீட்டு மேல் விழுந்த மழையோடு சேர்ந்து அவர்களுடைய பின்வாசலில் கொட்டும். உள்ளே படுத்துக்கொண்டு கேட்டால் தெரியும். சத்தம் ஒரே பக்கமாகப் போகும்.

தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். விடியற்காலையில் யாராவது முதலில் பார்த்தவர்கள் "நீரு பந்த்து", தண்ணீர் வந்துவிட்டது என்று கன்னடத்தில் குரல் கொடுப்பார்கள். தமிழ் வீடு, கன்னட வீடு, பாய் வீடு எல்லாம் குடத்தோடு ஓடும். வீட்டுக்கு நான்கு குடம், அதற்கு மேல் பிடித்தால் தலைமுடி கையில் வரும். தெருமுனையில் ஒரு போர் பம்பு. அதில் எந்நேரமும் வரும், ஆனால் உப்பு. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும்.

அம்மாவின் கடைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அரிசி களைய வேண்டும், ஊறப்போட வேண்டும், அரைக்க வேண்டும், சட்னி, சாம்பார், குடிக்க டம்ளரில் வைக்க. தட்டு கழுவ மட்டும் உப்புத் தண்ணீர் போதும். நான்கு குடத்தை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டு அவள் கடை நடத்தினாள். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலசுவாள். அந்தத் தண்ணீரில் கால் கழுவுவோம். அப்பா மரக்கடையில் லோடு ஏற்றுகிறவர். வேலை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கடை நின்றால் அம்மா பங்களா வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும். அவளுடைய அம்மாவும் அதுதான் செய்தாள். அதற்கு மட்டும் போகமாட்டேன் என்று அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கோடை மழைக்கு முன்னால் பெரியப்பா இரண்டு நீல டிரம் கொண்டுவந்தார். அவர் ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேன். அங்கே கழித்துப் போட்டவை. மருந்து நாற்றம் அடித்தது. பெரியம்மா சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, மறுபடி தேய்த்தாள். பெரியப்பா எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தி, மடித்து, ஒன்றோடு ஒன்று கோத்து, கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் கட்டினார். டின்னில் இருந்த சூரியகாந்திப் பூ வரிசையாகத் தெரியும். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக.

அப்பா போய் ஏணியைப் பிடித்தார். அம்மா திட்டினாள். அவர்கள் வீட்டு வேலைக்கு இவர் என்ன ஏணிக்காரரா என்று கேட்டாள். அப்பா ஏணியை விடவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருமே வாயில்லாதவர்கள்.

மழை வந்தது. டிரம் நிறைந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகப் படுக்கவில்லை. சீட்டில் தடதடவென்று விழும், ஓடும், நம்மைத் தாண்டிப் போகும், பின்னால் டிரம்மில் விழுகிற சத்தம் கேட்கும். முதலில் பெரிய சத்தம். நிறைய நிறையச் சத்தம் குறையும். அம்மா உட்கார்ந்துகொண்டே கேட்பாள். "நெறைஞ்சிடுச்சு" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள்.

எனக்கு வேறு பொறாமை.

பெரியப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தக் கோடைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் சட்டை வெள்ளையாக இருந்தது. என் சட்டை பழுப்பு. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்த துணி. டீச்சர் என்னைப் பார்த்து, உங்க அம்மா துணி துவைக்கமாட்டாங்களா என்று கேட்டாள். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் அன்று முழுக்க அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் வீட்டில் பருப்பு வேகும் வாசனை சந்து வழியாக வரும். நன்றாகக் குழைந்த பருப்பின் வாசனை. எங்கள் வீட்டில் பருப்பு கடைசி வரைக்கும் முழுசாகக் கிடக்கும். அம்மா மத்தால் கடைந்து கடைந்து கை வலிக்கிறது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். சீயக்காய் வாசனை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொட்டுப் பாரேன் என்றாள். தொட்டேன். என் முடியையும் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார். அவள் இரண்டாகப் பிரித்துப் பின்னினாள். முடித்துவிட்டு ஒரு சடையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எங்கம்மா சொல்லிச்சு, அந்தத் தண்ணியில பாதி உங்க கூரையோடதாம். இந்தச் சடை உன்னுதுடி. வெச்சுக்க."

சிரித்தாள். கிண்டலா, பாசமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்தாள். நான் விடவில்லை. விடுடி, வலிக்குது என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல், திரும்பச் சொல் என்றாள். திரும்பச் சொன்னேன். பாதி நம்முடையது என்று அவர்களுக்கே தெரிகிறது என்றாள். அரிசியை ரொம்ப நேரம் களைந்தாள்.

அடுத்த மழைக்குப் பெரியம்மா ஒரு குடம் தண்ணீர் அனுப்பினாள். பெரியப்பா மகள் இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து வழியாக வந்தாள். பித்தளைக் குடம். வாயில் மெல்லிய துணி கட்டி, மேலே தட்டு மூடியிருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர். கடை நேரம். இரண்டு ஆட்டோக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது யாரு தண்ணி?"

"எங்க டிரம்முல பிடிச்சது சித்தி. அம்மா குடுக்கச் சொல்லிச்சு."

"டிரம்மு உங்களுது. எந்தக் கூரையில உளுந்துது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"என் கூரைத் தண்ணிய எனக்கே தானம் பண்றாங்களா உங்கம்மா? எடுத்துனு போ."

ஆட்டோக்காரர் ஒருவர், ஏம்மா, குழந்தை கையில இருக்கறத வாங்கிக்கயேன் என்றார். நீ இட்லி துன்னுட்டுப் போ என்றாள் அம்மா. பெரியப்பா மகள் குடத்தோடு திரும்பினாள். போகும்போது தண்ணீர் தளும்பி அவள் பாவாடையில் விழுந்தது. சந்தில் ஈரக்கோடு ஒன்று அவர்கள் வாசல் வரைக்கும் போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குடத்தில் என் தலைக்கு ஒரு தடவை ஊற்றியிருக்கலாம். என் வயிறு எரிந்தது அம்மாமேலா, அவள்மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு குடம் வரவில்லை.

ஆனி மாதம் பெரியப்பா கிணற்றுக்குள் இறங்கினார். இடுப்பில் கயிறு கட்டி அப்பா மேலே பிடித்துக்கொண்டார். செருப்பு, வாளி, ஒரு சைக்கிள் டயர், கூடை கூடையாகச் சேறு. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதே வேலை. பிறகு டிரம் நிறைந்து வழிகிற தண்ணீருக்கு ஒரு குழாய் வைத்தார். ஓட்டை போட்ட டின்னில் ஜல்லியும் மணலும் நிரப்பி, அது வழியாக வடிந்து கிணற்றில் விழுகிற மாதிரி செய்தார். கிணற்றுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி பதித்தார். அதில் இரண்டு கொக்கி. ஒன்று அவர்கள் பக்கம், ஒன்று எங்கள் ஜன்னல் பக்கம். இரண்டும் அவர்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

கை கழுவிக்கொண்டே அப்பாவிடம் அவர் சொன்னது எங்கள் ஜன்னலுக்குக் கேட்டது.

"கெணறு பொதுதானடா."

ஆமாண்ணா என்றார் அப்பா.

அம்மா உள்ளே இருந்து மெதுவாகச் சொன்னாள். பொதுவாம். நாளைக்குத் தூர் வாரின கூலியில பாதி கேட்டு வருவாரு பார்.

அந்த மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் விழுகிற சத்தம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. சீட்டில் ஓட்டம், டிரம்மில் விழுவது, டிரம் நிறைந்த பிறகு கிணற்றில் விழுவது. மூன்றும் எங்கள் மழை. வறண்ட கிணற்றில் ஊற்றி வீணடித்தாலும் வீணடிப்பார்கள், நமக்கு ஒரு சொட்டு விடமாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். குடத்தைத் திருப்பி அனுப்பியது அவள்தான். அது அவளுக்கு நினைவில்லை, அல்லது அது வேறு கணக்கு.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியப்பா மகள் என்னைக் கிணற்றுக்குக் கூப்பிட்டாள். ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். முன்பெல்லாம் கல் போட்டால் டக் என்று கேட்கும். அன்று வேறு சத்தம். தண்ணீருக்குள் விழுகிற சத்தம். இன்னொரு கல் போட்டோம். குனிந்து பார்த்தால் அடியில் ஒரு தட்டு அளவுக்கு வானம் தெரிந்தது. யாருகிட்டயும் சொல்லாதடி, எங்கப்பா இன்னும் ஏறட்டும்னு சொல்லிச்சு என்றாள்.

அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். டிரம் அவர்களுக்கு. வெள்ளைச் சட்டை அவளுக்கு. இப்போது கிணறும்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா அப்பாவிடம், அவர்கள் கிணறு நிறைவதற்கு நம் கூரையா என்று கேட்டாள். நம் பாதியை நம் பக்கம் திருப்பு என்றாள். ரோட்டுப் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும், நடுச்சுவரை ஏற்ற வேண்டும். நடுச்சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம். அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார் அப்பா. கேட்டார். பெரியப்பா, நாளைக்குப் பேசலாம்டா என்றாராம். அதை அப்பா வந்து சொன்னதும் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நாளைக்கு மேஸ்திரி வருகிறார் என்று திரும்பி வந்து சொன்னாள். எதை வைத்து ஏற்பாடு செய்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது.

மறுநாள் காலையில்தான் மேலே சொன்ன எல்லோரும் அங்கே இருந்தோம். பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. பெரிய மழை வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மேஸ்திரி சுவர் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார். தர்மபுரிக்காரர். வாயில் வெற்றிலை. கீழே பார்த்து அம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, பின்னால போற தண்ணி கெணத்துக்காவது போவுது. இந்தாண்ட திருப்பினா ஒரு டிரம்மு பிடிப்ப. மிச்சம் மொத்தமும் வாசல் சாக்கடை மோரியிலதான் போவும். அதுக்கா இவ்ளோ வேலை?"

அப்போதுதான் பெரியப்பா சந்திலிருந்து கோணிப்பையோடு வந்தார். பை கனமாக இருந்தது. உள்ளே இரும்பு ஒன்றோடு ஒன்று இடிக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏதோ சொல்ல வந்த மாதிரி அப்பாவைப் பார்த்தார்.

அம்மா மேஸ்திரிக்குப் பதில் சொன்னாள். ஆனால் மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லவில்லை.

"மோரியில போனாலும் பரவால்ல. அங்க போவக் கூடாது."

ஏணியில் இருந்த அப்பா கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பா கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ம். தூக்குங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன்" என்றார்.

மூன்று நாள் வேலை. மூன்று நாளும் அவர் ஃபேக்டரியிலிருந்து வந்து பிடித்தார். நடுச்சுவர் உச்சியில் இரண்டு கூரையும் சேருகிற இடத்தில் மழை இறங்காமல் இருக்க வளைத்த தகரம் போட வேண்டும். அந்தத் தகரத்தை அடித்து வளைத்தது அவர்தான். அம்மா எல்லோருக்கும் இட்லி வைத்தாள். அவருக்கும் வைத்தாள். சாப்பிட்டார். இன்னும் ரெண்டு வைக்கட்டா மாமா என்று கேட்டாள். போதும்மா என்றார்.

கூரை திரும்பியது. ரோட்டுப் பக்கம் தாழ்ந்துவிட்டது. அப்பா உயரமானவர். அதற்கப்புறம் தன் வீட்டுக்குள் அவர் குனிந்துதான் நுழைந்தார். முதல் மாதம் மூன்று நான்கு தடவை நெற்றியில் இடித்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. வெளியே நடக்கும்போதுகூடக் கொஞ்சம் குனிந்த மாதிரி இருப்பார்.

எங்களுக்கும் ஒரு டிரம் வந்தது. கறுப்பு டிரம். தார் வாசனை கடைசி வரைக்கும் போகவில்லை. முதல் மழையில் நிறைந்தது. அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே நின்று பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூரை ஓரம் சொட்டி, சாப்பிட வந்தவர்கள் தட்டில் எல்லாம் தண்ணீர். மழைச் சாம்பார் என்று ஒருவர் சொன்னார். அதற்கும் சிரித்தாள். டிரம் நிறைந்த பிறகு வழிந்தது எல்லாம் வாசல் மோரியில் இறங்கி, பிளாஸ்டிக் பையோடும் தென்னை ஓலையோடும் ரோட்டைத் தாண்டிப் போயிற்று.

அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரியப்பா மகளுடையது மாதிரி இல்லை. அது தண்ணீர் இல்லை, அவள் முடியே அப்படி. அது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பின்பக்கம் இரண்டு டிரம்மில் ஒன்றுதான் நிறைந்தது. குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகிற அளவு வழியவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் தனியாகப் போய்க் கல் போட்டேன். சேற்றில் விழுகிற சத்தம். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். இருந்தது.

தை மாதத்தோடு எங்கள் டிரம் காலி. மழையில்லாத காலத்துக்கு ஒரு டிரம் எந்த மூலைக்கு. மாசியில் தெருக்குழாய் வாரத்துக்கு இரண்டு தடவை ஆயிற்று. வீட்டுக்கு இரண்டு குடம். பங்குனியில் முனை போர் பம்பில் அடித்தால் காற்று வந்தது, பிறகு கொஞ்சம் சிவப்புத் தண்ணீர், பிறகு காற்று. அம்மா அந்தத் தண்ணீரில் அரிசி களைந்தாள். இட்லி பழுப்பாக வந்தது. உப்புக் கரித்தது. ஆட்டோக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம். பெரியப்பா வேலைக்குப் போயிருந்தார். பெரியம்மா மகளோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா வாளியில் கயிறு கட்டி எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கம்பியில் கொக்கி மட்டும் இருந்தது, ராட்டினம் இல்லை. கையாலேயே கயிறு விட்டாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. வாளி அடியில் எதன் மேலோ உட்கார்ந்தது. இழுத்தாள். ஒரு கை அளவுக்குச் சேறு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கிணற்றுக்குள்ளேயே கவிழ்த்துவிட்டு, பொதுதானே, எடுத்தா என்ன என்றாள்.

அடுத்த வாரம் காக்ஸ் டவுனில் ஒரு பங்களா வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுமாம். முதல் நாள் வந்து அதை மட்டும் சொன்னாள். இட்லிக் குண்டான் ரொம்ப நாள் மூலையில் இருந்தது. பிறகு பாத்திரக் கடையில் போட்டு ஒரு எவர்சில்வர் டபரா வாங்கினோம். அந்த டபராவும் இப்போது இல்லை.

திருப்பாமல் இருந்திருந்தால் கிணறு அந்தக் கோடையைத் தாங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். ஆவணி மாதம் கல் போட்டால் தண்ணீர்ச் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்தது அதுதான்.

வருஷம் ஓடிவிட்டது. அப்பா போனார், அம்மா போனாள், பெரியம்மா போனாள். கடைசியில் பெரியப்பா. போன வருஷம் வீட்டை இரண்டு பாகமும் சேர்த்து விற்றோம். வாங்கினவருடைய இஞ்சினியர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, நல்லதாப் போச்சு, மழைக்குழாயை எல்லாம் இதில் விட்டுவிடலாம், தனியாகக் குழி தோண்டுகிற வேலை மிச்சம் என்றார். சின்னப் பையன். அவனுக்கு என்ன தெரியும்.

சாமான் எடுக்க பெரியப்பா மகள் என்னைக் கூப்பிட்டாள். போனேன். அவளுக்கு இன்னும் முடி இருக்கிறது. நரைத்திருக்கிறது, ஆனால் அடர்த்தி. என்னுடையது சீப்போடு வந்து வந்து இப்போது உச்சி தெரிகிறது. நடுச்சுவரை இன்னும் இடிக்கவில்லை. அவர்கள் பாகத்தில் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தோம். பேச்சு எப்படியோ கூரைக்கு வந்தது.

அவள் சொன்னாள்.

"எங்கப்பா அப்பவே சொல்லிச்சுடி. கொடத்துல குடுத்தா உங்கம்மா வாங்க மாட்டாங்க. கெணத்துல இருந்தா அது அவங்க தண்ணி, யாரையும் கேக்காம எடுத்துப்பாங்க, அதுக்குத்தான் கெணத்துல விடறேன்னு. நல்லா ஏறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்துச்சு. கூரையத் திருப்பற அன்னிக்குச் சொல்லிடலாம்னு வந்துச்சு. உங்கம்மா அப்டி சொல்லிடுச்சி."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் இன்னா சொல்றது?"

நான் டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அம்மாவை நினைத்து வருத்தம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். வெள்ளைச் சட்டை, குழைந்த பருப்பு, அந்த முடி, அத்தனையும் அவளுக்கு. இப்படி யோசிக்கிற அப்பாவும் அவளுக்கே.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்தாள். இதை எடைக்குப் போட மனசு வரல, நீ பார்த்துட்டுச் சொல் என்றாள். வாய் சணலால் கட்டியிருந்தது. முடிச்சு இறுகிப்போய் நகத்துக்கு வரவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தேன். கிரீஸ் வாசனை. உள்ளே ஒரு புதுக் கயிறு, கட்டுப் பிரிக்காமல். இன்னொரு கயிறு, அதுவும் அப்படியே. அடியில் பழைய பேப்பரில் சுற்றிய இரும்பு. பேப்பரைப் பிரித்துத் தரையில் ஒன்றொன்றாக வைத்தேன். துருப்பிடிக்கவில்லை. ஒரு தடவைகூட மாட்டாதது.

கிணற்று ராட்டினம்.

இரண்டு.